மிளாவா, ஆடா

சார், அந்த ஜன்னலைக் கொஞ்சம் இறக்கி விடுதீங்களா? வேண்டாம், வேண்டாம், திறந்தே கெடக்கட்டும். காத்து வந்தாலும் இருக்க முடியல, வரலைன்னாலும் இருக்க முடியல. புளியங்குடியில ஏறினதுல இருந்து இது எனக்கு மூணாவது சீட்டு. கண்டக்டர் மொறைக்கான் பாத்தீங்களா? மொறைக்கட்டும். அவனுக்கென்ன, டிக்கெட்டு எடுத்தாச்சு.

நீங்க தென்காசி வரைக்குமா? நல்லதாப் போச்சு. கழுத்துல அட்டை தொங்குதே, காலேஜ் வாத்தியாரா? என்ன பாடம்? கணக்கா! ஆடு மாடு, செடி கொடி எடுக்க வாத்தியாரா இருந்தா இன்னும் தோதா இருந்திருக்கும். பரவாயில்ல, படிச்சவுக படிச்சவுகதானே. உங்ககிட்டயே கேக்கேன். ஒரு கறியை மசால் போட்டு, தேங்கா அரைச்சு ஊத்தி, விறகடுப்புல வேக வச்சு எறக்கின பெறகு, அதுல கெடக்க துண்டு ஆடா மிளாவான்னு ஒரு மிஷினு சொல்லிருமா?

சிரிக்காதீங்க சார். அந்த மிஷினு சொல்லுத ஒத்தச் சொல்லுலதான் என் தலை நிக்கு. இன்னைக்குக் கோர்ட்டு. லேப்புல இருந்து ரிப்போர்ட்டு வந்துட்டுன்னு வக்கீல் குமாஸ்தா நேத்தே போன் போட்டான். என்ன வந்திருக்குன்னு கேட்டா, கவர் ஒட்டியிருக்கு, காலையில வக்கீலய்யா பாத்துட்டு உங்களைக் கூப்பிடுவாருங்கான். அதான் இந்தப் போனைக் கோழிக்குஞ்சு மாதிரி பொத்திப் பிடிச்சிட்டு உக்காந்திருக்கேன். டவரு இருக்கான்னு பாருங்களேன். ரெண்டு கோடு இருக்கா? சரி.

என் பேரு பால்வண்ணம். மலையடிவாரத்துல எலுமிச்சைத் தோப்பு. நாலு பேரு மதிக்கிற மாதிரி இருந்தவன்தான். மிளான்னா என்னன்னு தெரியும்ல? மான் சாதிதான். ஆனா மாட்டுக்கன்னு உசரம் நிக்கும். கடமான்னும் சொல்லுவாவ. எங்க பக்கம் அதைச் சுட்டுத் தின்னது எல்லாம் எங்க தாத்தன் காலத்தோட போச்சு. இப்பம் அது மேல கை வச்சா வருசக்கணக்குல உள்ள தள்ளிருவான். எனக்குத் தெரியாதா? தெரியும் சார். தெரிஞ்சுதான் செஞ்சேன். ஏன் செஞ்சேன்னு கேளுங்க.

எனக்கு ஒரே பிள்ளை, ரேணுகா. சங்கரன்கோவில்ல கொடுத்திருக்கேன். சம்பந்தி கோமதிநாயகம்னு பேரு. இரும்புக் கடை வச்சிருக்காரு. வாய்தான் கடையை விடப் பெருசு. நிச்சயதாம்பூலத்தன்னைக்கு, பந்தியில நாப்பது பேரு உக்காந்திருக்கும்போது, இலையைப் பாத்துட்டுக் கேக்காரு. "என்ன சம்பந்தி, மலையைத் தலைமாட்டுல வச்சிட்டுப் படுக்கீரு. மறுவீட்டு விருந்துக்காவது ஒரு மிளாக்கறி உண்டா, இல்ல எங்களுக்கும் பிராய்லர் கோழிதானா?" எல்லாரும் சிரிச்சிட்டாவ. என் வீட்டு ஆளுகளும் சேந்து சிரிச்சானுவ, அதைத்தான் தாங்க முடியல. நான் உடனே சொல்லிட்டேன், "கோழியா? மறுவீட்டுக்கு வாங்க, மிளா இல்லாம இலை போட்டா என் பேரு பால்வண்ணம் இல்ல."

எங்க வீட்டுக்காரி அடுப்படி வாசல்ல நின்னு என்னைப் பாத்தா ஒரு பார்வை. அந்தப் பார்வையை நான் அன்னைக்கே படிச்சிருக்கணும். அவ பேரு சீனியம்மா. ஒரு சொல்லு பேசணும்னா ஒன்பது தடவை யோசிக்கவ. நான் அப்படி இல்ல. நெஞ்சுல இருக்கது நாக்குக்கு வந்துரும். அதனாலதான் ஊர்ல எனக்கு நல்ல பேரு.

பெறகென்ன. கல்யாணம் ஜாம் ஜாம்னு நடந்தது. மறுவீட்டுக் கறிவிருந்துக்கு மொத நாள் சாயங்காலம் கொம்பையா ஒரு சாக்குப்பையைக் கொண்டுவந்து போட்டான். மேக்க எஸ்டேட்ல வாச்சரா இருந்து நின்னவன். அவன் பேரை நான் வனத்துறையில சொல்லவே இல்ல பாத்துக்கிடுங்க. எம்புட்டோ கேட்டாவ. வாயத் திறக்கல. நாம ஒருத்தனைக் காட்டிக் கொடுக்கக் கூடாதுல்லா? ஏன் சார் பாக்கீங்க? ஆ... இப்பம் உங்ககிட்ட சொல்லிட்டேனோ? மறந்துருங்க. அப்படி ஒரு ஆளே இல்ல.

சாக்கை அவுத்துப் பாத்தா செக்கச்செவேல்னு கறி. சீனியம்மா ஒரு சொல்லுதான் சொன்னா. "இது நம்ம அடுப்புல ஏறாதுங்க. பிள்ளை வாழப் போற நேரம்." நான் விடுவனா? "நீ ஏத்தலைன்னா நானே ஏத்துதேன். நான் வாக்குக் கொடுத்தவன்"னு ஒரு சத்தம் போட்டேன். அவ பெறகு பேசல. சரி, அடங்கிட்டான்னு நெனைச்சேன். என் சத்தத்துக்கு அடங்காத ஆளு உண்டா?

மறுநாள் விடிஞ்சதும் நான் வேன் எடுத்துட்டு சங்கரன்கோவில் போயிட்டேன், சம்பந்தி வீட்டாளுகளைக் கூட்டிட்டு வர. பொண்ணு வீட்டு ஆளு நேர்ல போய் அழைக்கணும்லா, அது முறை. சமையலுக்கு ஒத்தாசையா என் மச்சினன் பொன்ராசு வந்திருந்தான். கடையநல்லூர்ல கறிக்கடை வச்சிருக்கான். ஒண்ணுக்கும் ஆகாத பய. அன்னைக்குக் கூட பாருங்க, நான் வேனோட திரும்பி வாறேன், அவன் கொல்லைப்பக்கமா நழுவுதான். "எலே, சம்பந்தி வந்திருக்காரு, ஒரு வாய் சாப்பிட்டுட்டுப் போல"ங்கேன். "கடையில ஆளு இல்ல அத்தான்"னுட்டு சைக்கிள் கேரியர்ல ஒரு சருவப் பானையை ஈரத்துணி போட்டு மூடிக் கட்டிட்டுப் போறான். சட்டை வேற பின்பக்கம் நனைஞ்சிருக்கு. அக்கா வீட்டு விருந்துக்கு வந்தவன் இலையில உக்காராமப் போறான்னா என்ன மரியாதை சொல்லுங்க.

ஆனா சமையல்! அது சமையல் சார். மல்லியும் மிளகும் வறுத்து அரைச்சு, சின்ன உள்ளியை முழுசு முழுசாப் போட்டு, எண்ணெய் மேல நிக்க கொழம்பு. கோமதிநாயகம் மூணு தடவை வாங்கினாரு. நான் ரெண்டு தடவை. மாப்பிள்ளையோட சித்தப்பா ஒருத்தரு புதுப் போனு வாங்கியிருக்காரு, எல்லாத்தையும் படம் பிடிச்சிட்டே வாறாரு. நானே அவருகிட்ட, "இந்தா, இதைப் பிடிங்க"ன்னு கரண்டியைத் தூக்கிக் காட்டிச் சொன்னேன். "மாப்ளே, இது கடைக்கறி இல்ல, மலைக்கறி. மிளா! இந்த ருசி ஆட்டுல வருமா? தின்னு பாத்தவனுக்குத் தெரியும்!" நெஞ்சை நிமித்திச் சொன்னேன் சார். சம்பந்தி எந்திரிச்சு வந்து என் கையைப் பிடிச்சிட்டாரு. என் ஆயுசுல அப்படி ஒரு மத்தியானம் இல்ல.

அந்த மனுசன் அதைத் தூக்கி ஸ்டேட்டஸ்ல போட்டுட்டாரு.

வனத்துறை ரேஞ்சரம்மா மூணாம் நாள் ஜீப்புல வந்து எறங்குதாவ. வயசு கம்மிதான், மரியாதையான பிள்ளை. "ஐயா, இது நீங்கதானே"ன்னு போனைக் காட்டுதாவ. என் மூஞ்சி, என் கரண்டி, என் சத்தம். நான் சொன்னேன், "அது சும்மா தமாசுக்குச் சொன்னதும்மா, ஆட்டுக்கறிதான்." அந்தம்மா சிரிச்சிட்டு, "நீங்க சொன்னது வீடியோவுல இருக்கு. இப்பச் சொல்லுறதும் நீங்கதான். கறி என்ன சொல்லுதுன்னு கேட்டுக்குவோம். மிச்சம் ஏதாவது இருக்கா?"ன்னாவ.

எங்க வீட்டுல கறிக்கொழம்பு மிஞ்சினா சுண்ட வச்சு வைப்போம். நாளாக நாளாக அதுக்கு ஒரு தனி ருசி. அடுப்படியில அந்தச் சட்டி இருக்கு. எனக்கு உசுரே இல்ல. அதைக் கொண்டுபோய்க் கொட்டுடின்னு சீனியம்மாவுக்குக் கண்ணைக் காட்டுதேன், தலையைச் சொறியுதேன், இருமுதேன். அவ என்ன செஞ்சா தெரியுமா? உள்ள போய், சட்டியைக் கரித்துணி பிடிச்சுத் தூக்கிட்டு வந்து, அந்தம்மா முன்னால வச்சு, மூடியைத் திறந்து, "நல்ல துண்டாப் பாத்து எடுத்துக்கிடுங்கம்மா. போதுமா, இன்னும் வேணுமா?"ங்கா! கட்டின பொண்டாட்டி சார்! அந்தம்மா எலும்போட ஒரு துண்டு, எலும்பில்லாம ரெண்டு துண்டு எடுத்து, சின்னச் சின்ன பாட்டில்ல ஏதோ மருந்துத் தண்ணியில போட்டு, அரக்கு வச்சு சீல் அடிச்சாவ. இவ பக்கத்துல நின்னு வெளிச்சத்துக்கு டார்ச்சு அடிக்கா.

அந்த ரேஞ்சரம்மாதான் எனக்கு வெவரம் சொன்னாவ. கடையில சோப்பு வாங்குதோம், பின்னால கோடு கோடாப் போட்டிருக்கான். மிஷினு டிக்குன்னு அந்தக் கோட்டைப் படிச்சு, இது சோப்பு, இது பிஸ்கட்டுன்னு சொல்லிருதுல்லா? அது மாதிரி ஒவ்வொரு உசுரோட அணுவுக்குள்ளயும் ஒரு துண்டு இருக்காம். ஆட்டுக்கு ஒரு மாதிரி, மிளாவுக்கு ஒரு மாதிரி, புழுவுக்குக் கூட ஒரு மாதிரி. அதைப் படிச்சு, ஏற்கனவே எழுதிச் சேத்து வச்சிருக்கதோட ஒப்பிட்டுப் பாப்பாங்களாம். டி.என்.ஏ. பார்கோடுன்னாவ. நான் கேட்டேன், "கறி வெந்து போச்சேம்மா, எழுத்து அழிஞ்சிருக்காதா?" "கொஞ்சம் சிதைஞ்சிருக்கும்யா, படிக்கிற அளவுக்கு மிஞ்சும்"னாவ. "சோப்பு டப்பாவுக்குள்ள பிஸ்கட்டைப் போட்டு வச்சா மிஷினு ஏமாந்துருமே"ன்னேன். "டப்பாவை மாத்தலாம், அணுவை மாத்த முடியாதுய்யா"ன்னுட்டாவ.

ஜெயிலா? ஆமா, கொஞ்ச நாள் இருந்தேன், ஜாமீன் கெடைக்கிற வரைக்கும். ஒண்ணும் கஷ்டமில்ல. சாப்பாடு வேளாவேளைக்கு வந்துரும். பக்கத்துல படுத்தவன் ரொம்ப நல்லவன். மூத்திர நாத்தம்தான். அப்புறம்... ராத்திரி ஆனா கதவைச் சாத்துவான். அந்தச் சத்தம். சார், நெஞ்சுல கை வச்சுச் சொல்லுதேன், எனக்குப் பயமா இருக்கு. இன்னொரு தடவை அந்தச் சத்தத்தைக் கேக்க என்னால முடியாது.

கொஞ்சம் வழி விடுங்க, சும்மா எந்திரிச்சு நின்னுக்கிடுதேன். காலு மரத்துப் போச்சு. எங்க நிக்கு பஸ்ஸு? சொக்கம்பட்டியா? இன்னும் போன் வரல பாருங்க.

சீனியம்மா ஜெயிலுக்குப் பாக்க வந்தா. கம்பிக்கு அந்தப் பக்கம் நின்னுட்டு, அழுவான்னு பாக்கேன், அழல. "கவலைப்படாதீங்க, ஒண்ணும் வராது"ன்னா. எப்படி வராதும்பா? மிஷினா இவளுக்குச் சொந்தக்காரன்? வீட்டுக்கு வந்த பெறகும் அப்படித்தான். நான் ராத்திரி பூரா வாசல் முத்தத்துல நடக்கேன், அவ குறட்டை விட்டுத் தூங்குதா. புருசனுக்கு வெலங்கு மாட்டப் போறாங்கன்னா எந்தப் பொம்பளைக்குத் தூக்கம் வரும்? கல்நெஞ்சுக்காரி. எலுமிச்சைத் தோப்புக்காரன் வீட்டுக் கொல்லையில போய், விருந்தன்னைக்கு நேரங்கெட்ட நேரத்துல குழி தோண்டி ஒரு எலுமிச்சங்கன்னு வச்சிருக்கா சார். கொல்லன் தெருவுல ஊசி வித்த கதை. அதுக்குத் தெனமும் தண்ணி ஊத்துதா. அந்தக் கன்னு மேல இருக்க அக்கறை என் மேல இல்ல.

இதுல இன்னொரு கூத்து கேளுங்க. நான் ஜெயிலுக்குப் போனதும் சம்பந்தி வீட்டுல என்னைத் தூக்கி எறிஞ்சிருவாவன்னு நெனைச்சேன். நடந்தது தலைகீழ்! கோமதிநாயகம் கடையில வாறவன் போறவன்கிட்ட எல்லாம் சொல்லுதாராம், "எங்களுக்கு மிளாக்கறி போட்டதுக்காக எங்க சம்பந்தி ஜெயிலுக்கே போயிட்டாருவே! இந்தக் காலத்துல எவன் போவான்?" சங்கரன்கோவில்ல எனக்கு அப்படி ஒரு மவுசு. என் மகளுக்கு அங்க நாற்காலி போட்டு மரியாதை. அப்பம் நெனைச்சுப் பாருங்க சார், இன்னைக்கு ரிப்போர்ட்டுல ஆடுன்னு வந்துட்டா? ஆட்டைப் போட்டு மிளான்னு ஏச்ச பயன்னு ஆயிரும்ல! என் பிள்ளை அந்த வீட்டுல எப்படித் தலை நிமிந்து நடப்பா? நாத்தனார் ரெண்டு பேரு இருக்காளுவ, சும்மா விடுவாளுவளா?

அப்பம் மிளான்னு வரணும்னு நெனைக்கேன். நெனைச்ச ஒடனே அந்தக் கதவுச் சத்தம் கேக்கு. இல்லப்பா, ஆடுன்னே வரட்டும்னு நெனைக்கேன். ஒடனே கோமதிநாயகம் சிரிக்கது கேக்கு. ராத்திரி பூரா இதேதான். ஒரு எட்டு வச்சா மிளா, அடுத்த எட்டு வச்சா ஆடு. சாமிகிட்ட கும்பிடப் போனாலும் என்ன வேணும்னு கேக்கத் தெரியல. ரேணுகா போன்ல அழுதா, "அப்பா, ஆடுன்னே வரட்டும்ப்பா, இவங்க என்ன பேசினாலும் நான் கேட்டுக்கிடுதேன்"னு. சின்னப் பிள்ளை, அவளுக்கு என்ன தெரியும்.

எல்லாம் சாமிக்குத்தம் சார். அதைச் சொல்ல விட்டுட்டேன் பாருங்க. ரேணுகாவுக்கு நல்ல எடம் அமையணும்னு எங்க சுடலைமாடசாமிக்கு ஒரு கெடா நேந்து விட்டிருந்தேன். வெள்ளாட்டுக் கெடா. உடம்பு பூரா கருப்பு, நெத்தியில மட்டும் வெள்ளைச் சுட்டி. சுட்டியன்னு கூப்பிட்டா எங்க நின்னாலும் ஓடி வந்துரும். என் கையில இருந்துதான் வேப்பங்கொழை திங்கும். வேற யாரு கொடுத்தாலும் மோந்து பாத்துட்டுத் திரும்பிக்கிடும். சித்திரை மாசக் கோயில் கொடையில அதை வெட்டணும். எனக்கு அதை நெனைச்சாலே ஒரு மாதிரி இருக்கும், ஆனா நேந்தது நேந்ததுதானே. அதையும் ஒருத்தன் களவாண்டுட்டான் சார்! சாமிக் கெடாவைத் தொடுதான்னா அவனுக்கு எம்புட்டு நெஞ்சழுத்தம் இருக்கணும்?

என்னைக்கா? அதே விருந்தன்னைக்குத்தான். சம்பந்தி வீட்டாளுகளை வேன் ஏத்தி விட்டுட்டு, சாயங்காலம் கொழை ஒடிச்சுட்டுப் போறேன், கயிறு மட்டும் கெடக்கு. அறுத்த கயிறு இல்ல, அவுத்த கயிறு. அப்பம் பழகின ஆளுதானே? பக்கத்துத் தோப்பு செம்புலிங்கம்தான்னு எனக்கு அப்பமே தெரிஞ்சு போச்சு. வரப்புத் தகராறு ஒண்ணு உண்டு எங்களுக்கு. மறுநாளே ஸ்டேஷன்ல எழுதிக் கொடுத்தேன். அந்த ஆளைக் கூப்பிட்டு ரெண்டு நாளு உக்கார வச்சாவ. இல்லவே இல்லைன்னு சத்தியம் பண்ணுதான், பிள்ளை தலையில அடிச்சு. அவன் பொண்டாட்டி எங்க வீட்டு வாசல்ல வந்து மண்ணை வாரி எறைச்சுட்டுப் போனா.

சீனியம்மா அன்னையில இருந்து ஒரே பாட்டுதான். "அந்த அண்ணன் எடுக்கலைங்க. கேஸை வாபஸ் வாங்குங்க." எடுக்கலைன்னு உனக்கெப்படித் தெரியும்னு கேட்டா வாயத் திறக்க மாட்டா. "சாமிக் கெடாடி, சாமி நம்மளைச் சும்மா விடுமா"ன்னு நான் தலையில அடிச்சிட்டா, "கெடா எங்க போச்சுன்னு சாமிக்குத் தெரியும். கோவிக்க மாட்டாரு"ங்கா. பாத்தீங்களா, கெடா போச்சேன்னு ஒரு சொட்டுக் கண்ணீரு இல்ல! நான் வக்கீல்கிட்டயே கேட்டேன், "அந்த மிஷினு இம்புட்டுக் கெட்டிக்காரத்தனமா இருக்குல்லா, என் கெடாவை எவன் தின்னான்னு கண்டுபிடிக்காதா? செம்புலிங்கம் வீட்டுச் சட்டியைச் சொரண்டிப் பாக்கச் சொல்லுங்களேன்"ன்னு. அவரு கையெடுத்துக் கும்பிட்டாரு. "ஓய், அது ஆடா மாடான்னு இனத்தைத்தான் சொல்லும். யாரு வீட்டு ஆடுன்னு சொல்லாது. நீரு பேசாம இரும்"னாரு.

நீங்க என்ன சார், சிரிப்பை அடக்குதீங்க? சொல்லுங்க, என்ன? ஒண்ணுமில்லையா? சரி.

சார், சார், அடிக்கு! போன் அடிக்கு! வக்கீல்தான். இந்தப் பையைக் கொஞ்சம் பிடிங்க.

அலோ, வக்கீலய்யா! சொல்லுங்க. பஸ்ஸுல இருக்கேன். ஆமா, சத்தமாச் சொல்லுங்க. என்னது? ஆடா? வெள்ளாடு? நல்லாப் பாத்தீங்களா? மூணு துண்டுமா? மூணும் வெள்ளாடுதானா! மிளா இல்லவே இல்லையா? அப்பம் கேஸு... நிக்காதா? தள்ளுபடியா? எங்கப்பா சுடலைமாடா! சரிய்யா. சரிய்யா. ஆனா ஒரு சங்கதி. அந்தக் கொம்பையாப் பய மிளான்னு சொல்லி எனக்கு ஆட்டுக்கறியைக் கொடுத்திருக்கானே, அவன் மேல ஏமாத்துன கேஸு ஒண்ணு போட முடியுமா? அலோ? வையாதீங்கய்யா. சரி, சரி, பேசல. அங்க வந்து ஒண்ணும் பேசல. வச்சிருதேன்.

சார், கேட்டீங்கல்லா? வெள்ளாடாம்! உள்ள போக வேண்டாம்! இந்தாங்க, எலுமிச்சம்பழம், பையில இருக்கு, நாலு எடுத்துக்கிடுங்க. அட, எடுங்க சார்.

ஆனா அந்த நாசமாப் போறவனைப் பாத்தீங்களா? "மிளா மொறட்டுக் கறி, நல்லா வேக வைங்க"ன்னு எனக்கே சொல்லிட்டுப் போறான், சாக்குல இருந்தது ஆடு! கோர்ட்டு முடிஞ்சதும் அவனைத் தேடிப் பிடிச்சு சட்டையைக் கொத்தாப் பிடிக்கேனா இல்லையான்னு பாருங்க. சம்பந்தி மூஞ்சில நான் எப்படி முழிப்பேன்? எலும்பு கூடப் பெருசு பெருசா இருந்தது சார், சாக்குல நானே பாத்தேனே. தொடை எலும்பு என் முழங்கை நீளம். ஆட்டுக்கு அப்படி எலும்பா இருக்கும்? ஆனா சட்டியில... சட்டியில எலும்பு சின்னதாத்தான் கெடந்தது. நறுக்கிப் போட்டிருப்பாவ.

மறுபடி அடிக்கு. வீட்டுல இருந்து. அவளாக் கூப்பிடவே மாட்டாளே.

சொல்லு. ஆமா, வக்கீலு இப்பம்தான்... என்னது? ஆமா, ஆடுதான். வெள்ளாடு. சரி. என்ன? செம்புலிங்கமா? அதுக்கும் இதுக்கும் என்னடி சம்பந்தம்? ஏன் இன்னைக்கே? நான் என்ன கேக்கேன், நீ என்ன சொல்லுதே... சீனி? ஏட்டீ? என்னது, திரும்பச் சொல்லு. அலோ. அலோ.

வச்சிட்டா.

சார், நான் போனை எடுத்ததும் அவ என்ன கேட்டா தெரியுமா? "ஆடுன்னுதானே வந்திருக்கு?"ன்னா. என்ன வந்திருக்குன்னு கேக்கல. ஆடுன்னுதானேன்னு கேக்கா. நான் இன்னும் சொல்லவே இல்லையே. அப்புறம் சொல்லுதா, "கோர்ட்டு முடிஞ்சதும் நேரா ஸ்டேஷனுக்குப் போய் அந்த அண்ணன் மேல கொடுத்ததை வாங்கிட்டு வாங்க. கெடா திரும்பி வராதுங்க. பிள்ளைக்காக நேந்தது, பிள்ளைக்காகவே போச்சு"ன்னா.

பிள்ளைக்காகவே போச்சாம்.

பொறுங்க. ஒரு நிமிசம் பொறுங்க சார். பேசாதீங்க.

அவுத்த கயிறு. வேற யாரு கொழை கொடுத்தாலும் திங்காது, ஆனா சீனியம்மா கயித்தைப் பிடிச்சா பின்னாலயே போகும். பொன்ராசு அன்னைக்குக் கெடாவை வெட்டத்தான் வந்திருக்கான். அவன் சருவத்துல மூடிக் கொண்டு போனது... தலையும் தோலும். நான் பாத்தா தெரிஞ்சிரும்னு கொண்டு போயிருக்கான். அப்பம் அந்தச் சாக்கு? அந்தச் சாக்கு எங்க...

எலுமிச்சங்கன்னு.

சார், நீங்க எப்பமோ கண்டுபிடிச்சிட்டீங்கல்லா? கெடா என்னைக்குக் காணாமப் போச்சுன்னு கேட்டீங்களே, அப்பமே. கணக்கு வாத்தியாருல்லா. நான் ஒரு மடையன்.

என்கிட்ட ஏன் சொல்லல அவ? கம்பிக்கு அந்தப் பக்கம் நின்னப்பம் ஒரு சொல்லு சொல்லியிருக்கலாமே. நான் ராத்திரி பூரா நடந்தப்பம் சொல்லியிருக்கலாமே. ஆனா, சொல்லியிருந்தா... நான் என்ன செஞ்சிருப்பேன்? இந்த பஸ்ஸுல ஏறினதுல இருந்து உங்ககிட்ட என்ன செஞ்சுக்கிட்டு இருக்கேன்? உங்க பேரு கூட நான் கேக்கல சார்.

கடையநல்லூர் வந்துட்டு. அந்தா, அந்தப் பச்சைப் பலகைதான் பொன்ராசு கடை. வெட்டிக்கிட்டு நிக்கான் பாருங்க, ஒண்ணும் தெரியாத மாதிரி. நல்ல பய சார்.

நான் ரெண்டு தடவை வாங்கித் தின்னேன். கரண்டியைத் தூக்கிக்கிட்டு, இந்த ருசி ஆட்டுல வருமான்னு கேட்டேன். குட்டியில இருந்து என் கையில வளந்தது சார் அது. சுட்டியன்னா ஓடி வரும். எங்கயோ ஒரு லேப்புல இருக்க மிஷினுக்கு, வெந்து சுண்டிப் போன துண்டைப் பாத்து அது ஆடுன்னு தெரிஞ்சிட்டு. என் நாக்குக்குத் தெரியல.

இல்ல, அழல. தூசி. அந்த ஜன்னலை இறக்கிருங்க.

சம்பந்திகிட்டயா? சொல்லிருவேன். ஆமாவே, ஆடுதான், ஏச்சிட்டேன்னு சொல்லிருவேன். சிரிச்சா சிரிக்கட்டும். செம்புலிங்கம் வீட்டுக்கும் போகணும். அவன் பொண்டாட்டி மண்ணு வாரி எறைச்சா வாங்கிக்கிட வேண்டியதுதான். ஆனா சாக்கைப் பத்தி மட்டும்... சார், நீங்க ஒண்ணும் கேக்கல, நான் ஒண்ணும் சொல்லல. கோர்ட்டு முடிஞ்சு வீட்டுக்குப் போனதும் மொத வேலை, அந்தக் கன்னுக்கு ரெண்டு குடம் தண்ணி ஊத்தணும். வேரு நல்லா ஆழமாப் போகட்டும்.

தென்காசி வரைக்கும் இனி நான் பேச மாட்டேன்.